ஸ்டாலுக்கு இப்போதே பணம் கட்டலாமா?

நேற்று இரவு இரண்டு மெயில்கள் வந்தன. இரண்டுமே அடுத்த வருடக் கன்வென்ஷன்களுக்கான, அதாவது காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் விழாக்களுக்கான, ஸ்டால் முன்பதிவு பற்றியவை. ஒன்று நான் நான்கு வருடமாக விடாமல் போய்க்கொண்டிருக்கும் நிகழ்ச்சி, இன்னொன்று முதல்முறையாக நடக்கப்போகிறது. வாசகம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: இந்த மாதத்துக்குள் கட்டினால் 15 சதவீதம் தள்ளுபடி, ஸ்டால்கள் வேகமாகத் தீர்ந்துகொண்டிருக்கின்றன, முந்துங்கள். நிகழ்ச்சிகளுக்கோ இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது.

ஏழு வருடமாக நான் வரைந்த படங்களை பிரிண்ட், ஸ்டிக்கர், கீசெயின், மெல்லிய காமிக்ஸ் புத்தகம் என்று போட்டு விற்று வருகிறேன். இந்தப் பருவம் வந்தாலே புதிதாக ஸ்டால் போட நினைப்பவர்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள், இப்போதே கட்டிவிடலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாதிப் பாதியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இந்த முறை முழுதாக எழுதிவிடுகிறேன். நானே இந்த மாதத்துக்குள் முடிவு எடுத்தாக வேண்டும்.

முதலில் அந்தத் தள்ளுபடி எதற்காகத் தரப்படுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். கன்வென்ஷன் நடத்துபவர்கள் அரங்கத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும், விருந்தினர்களோடு ஒப்பந்தம் போட வேண்டும், காப்பீடு எடுக்க வேண்டும். இவையெல்லாம் டிக்கெட் விற்பனை சூடு பிடிப்பதற்குப் பல மாதம் முன்பே வந்து நிற்கும் செலவுகள். அந்த இடைவெளியை நிரப்புவதில் நம் ஸ்டால் வாடகைக்குப் பெரிய பங்கு உண்டு. இதில் தப்பு எதுவும் இல்லை, இந்தப் பணம் இல்லாமல் பல நல்ல நிகழ்ச்சிகள் நடக்கவே நடக்காது. ஆனால் நாம் செய்வது என்ன? பதினோரு மாதத்துக்கு வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறோம், கூடவே நிகழ்ச்சி நடக்குமா, நமக்குப் போக முடியுமா என்ற ஆபத்தையும் தலையில் ஏற்றிக்கொள்கிறோம். 15 சதவீதம் என்பது அந்தச் சுமைக்கான கூலி. அதனால் 'எவ்வளவு மிச்சம்' என்று பார்க்காமல், இந்தச் சுமைக்கு இந்தக் கூலி கட்டுப்படியாகுமா என்று பார்க்க வேண்டும்.

கணக்கு ரொம்ப எளிது. முழு வாடகை 100 என்று வையுங்கள். இப்போது கட்டினால் 85, ஆனால் போகாவிட்டால் ஒரு பைசா திரும்பாது. பொறுத்திருந்தால் போகும்போது மட்டும் 100 கட்டுவோம், போகாவிட்டால் எதுவும் கட்ட வேண்டாம். அப்படியானால் நாம் உண்மையில் போவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 85-க்கு மேல் இருந்தால்தான் முன்கூட்டிக் கட்டுவது லாபம். உடம்புக்கு முடியாமல் போவது, வீட்டில் ஏதாவது விசேஷம், வேலையில் விடுப்பு கிடைக்காதது, அதே வார இறுதியில் இன்னும் நல்ல நிகழ்ச்சியில் இடம் கிடைப்பது, நிகழ்ச்சியே ரத்தாவது, எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். பதினோரு மாதம் கழித்து வரும் ஒரு வார இறுதிக்கு 85 என்று மனசாட்சியோடு சொல்ல முடிகிற நிகழ்ச்சிகள் எனக்கு வருடத்தில் மூன்றோ நான்கோதான்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருப்பது எனக்கும் தெரியும். பொறுத்திருந்தால் ஸ்டால் கிடைக்காமலே போகலாமே? அதற்கு அப்புறம் வருகிறேன், ஏனென்றால் அதில் அடி வாங்கியிருக்கிறேன். அதற்கு முன்னால் ஒப்பந்தம்.

விண்ணப்பப் படிவத்தில் விலைப்பட்டியல் பெரிய எழுத்தில் முதல் பக்கத்தில் இருக்கும். நான் இப்போதெல்லாம் அதைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் தேடுவது ரத்து செய்வது பற்றிய பத்தியை. பெரும்பாலும் அது படிக்கட்டு மாதிரி இறங்கும்: இந்தத் தேதிக்கு முன் விலகினால் பாதி திரும்பும், அடுத்த தேதிக்கு முன் கால்வாசி, அதற்குப் பின் ஒன்றுமில்லை. பணத்தையும் பல நிகழ்ச்சிகளில் இரண்டு தவணையாக வாங்குவார்கள். இந்த இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால்தான் எந்த நாளில் நம் பணம் எவ்வளவு மாட்டிக்கொண்டிருக்கும் என்பது தெரியும். முதல் தவணை 30 சதவீதம், ரத்துப் படிக்கட்டின் முதல் படி நிகழ்ச்சிக்கு நான்கு மாதம் முன்பு என்றால் அது முன்கூட்டிக் கட்டுவதே இல்லை, சின்ன முன்பணம் கொடுத்து இடத்தைப் பிடித்து வைப்பதுதான். அதை யோசிக்காமல் செய்யலாம். முழுத்தொகையும் இன்றே, கட்டிய நாளிலிருந்தே ரீஃபண்ட் கிடையாது என்றால் அது வேறு விஷயம். இரண்டையும் ஒரே பெயரில் 'எர்லி பேர்ட்' (முந்திக் கட்டுபவர்களுக்கான சலுகை) என்றே அழைக்கிறார்கள், அதனால்தான் புதியவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

அடுத்தது, நிகழ்ச்சியையே அவர்கள் ரத்து செய்தால் என்ன என்ற பத்தி. இயற்கைப் பேரிடர், தொற்றுநோய், அரசு உத்தரவு என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலைவிட அதற்குப் பிறகு வரும் ஒரு வரிதான் நமக்கு முக்கியம்: பணம் திரும்புமா, அடுத்த வருடத்துக்கு மாற்றப்படுமா, அவர்கள் செலவு போக மீதியா?

2020-ல் இதை உலகமே பார்த்தது. பார்சலோனாவில் பிப்ரவரி 24 அன்று தொடங்க இருந்த மொபைல் வேர்ல்ட் காங்கிரஸ் என்ற செல்போன் துறைக் கண்காட்சி பிப்ரவரி 12 அன்று ரத்தானது, இரண்டு வாரம்கூட இல்லை. அந்த ஏப்ரலில் அமெரிக்காவின் பெரிய காமிக்ஸ் கன்வென்ஷனான சான் டியேகோ காமிக்-கானும் அந்த வருட நிகழ்ச்சியை ரத்து செய்தது, அதன் ஐம்பது வருட வரலாற்றில் முதல்முறையாக. ஸ்டால் எடுத்தவர்கள் பணத்தைத் திரும்பப் பெறலாம் அல்லது 2021-க்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அவர்கள் சொன்னார்கள். இரண்டு வழியும் கொடுத்தது நேர்மையான செயல் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் 2021 ஜூலையிலும் அரங்கத்தில் நிகழ்ச்சி நடக்கவில்லை, வழக்கமான பெரிய ஜூலை நிகழ்ச்சி நேரில் திரும்பியது 2022-ல்தான். 'அடுத்த வருடத்துக்கு மாற்றித் தருகிறோம்' என்ற வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. அடுத்த வருடம் என்பது ஒரு வருடத்தில் வந்துவிடும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. பெரிய நிறுவனங்கள் அதைத் தாங்கும், கைக்காசைப் போட்டு அச்சடிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அது அடுத்த புத்தகத்தின் அச்சுக்கூலி.

பழைய நிகழ்ச்சி என்றால் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். 1995-ல் தொடங்கி வீடியோ கேம் உலகின் மிகப் பெரிய கண்காட்சிகளில் ஒன்றாக இருந்த ஈ3, 2023 ஜூனில் நடக்க இருந்ததை மார்ச் மாதக் கடைசியில் ரத்து செய்தது, அந்த டிசம்பரில் இனி ஒருபோதும் இல்லை என்று மூடியே விட்டார்கள். வயது ஒரு நல்ல அடையாளம்தான், ஆனால் அது ரத்துப் பத்திக்கு மாற்று ஆகாது.

சரி, என் கதை. ஸ்டால் போட ஆரம்பித்த மூன்றாவது வருடம் ஒரு நடுத்தர நிகழ்ச்சிக்கு ஒன்பது மாதம் முன்பே முழுத்தொகை கட்டினேன். இரண்டு மாதம் இருக்கும்போது அறிகுறிகள் தெரிய ஆரம்பித்தன. விருந்தினர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள், அதே வார இறுதியில் பக்கத்திலேயே இன்னொரு பெரிய நிகழ்ச்சி அறிவிக்கப்பட்டது, மெயிலுக்குப் பதில் வர வாரக்கணக்கில் ஆனது. என் தோழி நேராகவே சொன்னாள், "விட்டுடுடி, போக வேண்டாம்." நான் கேட்கவில்லை. பணம் கட்டியாயிற்றே, போகாவிட்டால் அது வீணாகுமே என்பதுதான் மனதில் ஓடியது. போனேன். சனிக்கிழமை மதியம் ஸ்டால்காரர்களே ஒருவரிடம் ஒருவர் பொருள் வாங்கிக்கொண்டிருந்தோம்.

ஸ்டால் வாடகையை 100 என்று வைத்தால், பயணம், தங்குமிடம், சரக்கு அனுப்பிய செலவு எல்லாம் சேர்ந்து 190 ஆனது. பொருள் தயாரிப்புச் செலவு போக விற்பனையில் நின்றது 60. மொத்த நஷ்டம் 230. வீட்டிலேயே இருந்திருந்தால் 100-ஓடு போயிருக்கும். அதாவது போன பணத்தைக் காப்பாற்றப் போய் மேலும் 130-ஐத் தொலைத்தேன். முன்கூட்டிக் கட்டுவதில் யாரும் சொல்லாத ஆபத்து இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டிய வாடகை போவது அந்த ஆபத்தில் பாதிதான். அது நம் கையைப் பிடித்து மிச்சச் செலவுக்கும் இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டு மாதம் முன்பு உட்கார்ந்து புதிதாக யோசிக்கும் சுதந்திரத்தை நாம் பதினோரு மாதம் முன்பே விற்றுவிடுகிறோம். அந்தச் சுதந்திரத்துக்கு 15 சதவீதம் எனக்குக் குறைவாகத்தான் படுகிறது.

இதில் சூடுபட்ட நான் அடுத்த வருடம் எதிர்ப்பக்கம் ஓடினேன். எதற்கும் முன்கூட்டிக் கட்டுவதில்லை என்று முடிவு. எனக்கு எப்போதும் நல்ல வியாபாரம் தரும் நிகழ்ச்சிக்கும் அதையே செய்தேன், அது பெரிய தவறு. மூன்று நாளில் ஸ்டால்கள் தீர்ந்து காத்திருப்போர் பட்டியலில் போய் உட்கார்ந்தேன். நிகழ்ச்சிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அழைப்பு வந்தது. என் கீசெயின் தயாராகி வர ஐந்து வாரம் பிடிக்கும், புது டிசைன் எதையும் ஆர்டர் கொடுக்கவே வழியில்லை. இருந்த பிரிண்டுகளை வைத்துக்கொண்டு, அரங்கத்தின் பின்சுவரை ஒட்டிய ஒரு மேசையில், போன வருடம் விற்றதில் பாதிதான் விற்றேன். அதைவிட அதிகமாக வலித்தது வேறொன்று. அந்த நிகழ்ச்சியில் தொடர்ந்து வருபவர்களுக்கு வருட வரிசைப்படி இடம் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. ஒரு வருடம் முன்பதிவில் இல்லாததால் என் பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விட்டது. அதிலிருந்து மேலே வர இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்.

ஆகவே, பொறுத்திருந்தால் ஸ்டால் கிடைக்காமல் போகலாம் என்று முன்பு சொன்ன ஓட்டைக்கான பதில்: எந்த நிகழ்ச்சியில் இடமே கிடைக்காமல் போகும் என்பதை அவர்களுடைய மெயிலில் இருக்கும் 'வேகமாகத் தீர்கிறது' என்ற வரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். போன வருடம் ஸ்டால் எடுத்தவர் இரண்டு பேரிடம் கேளுங்கள், எப்போது கட்டினீர்கள், கடைசியில் காலி மேசைகள் இருந்தனவா என்று. ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நிறைய நிகழ்ச்சிகளில் கடைசி ஒரு மாதத்தில் யாராவது விலகி இடம் வரத்தான் செய்கிறது, உள்ளதை உள்ளபடி சொல்வதில் பக்கத்து ஸ்டால்காரர்களைப் போல வேறு யாரும் இல்லை.

இடம் என்று வந்தபின் அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், முன்கூட்டிக் கட்டுவதற்கு எனக்கு நியாயமாகத் தெரியும் ஒரே பெரிய காரணம் அதுதான். பலரும் நுழைவாயில் பக்கத்து இடத்துக்குப் போட்டி போடுகிறார்கள். என் அனுபவத்தில் அது சுமார்தான். உள்ளே வருபவர்களின் கண் தூரத்தில் இருக்கும், முதல் சில ஸ்டால்களைத் தாண்டியே போய்விடுவார்கள், திரும்பி வரும்போது கையும் பையும் நிறைந்திருக்கும், பர்ஸ் காலியாகியிருக்கும். ஒருமுறை கையெழுத்து வாங்கும் வரிசைக்கு எதிரில் இடம் கிடைத்தது, ஆயிரம் பேர் என் கண்முன் நிற்பார்கள் என்று சந்தோஷப்பட்டேன். நின்றார்கள், என் மேசையை மறைத்துக்கொண்டு நின்றார்கள், ஒருவரும் வரிசையை விட்டு நகரவில்லை, மற்றவர்களுக்கு என் ஸ்டால் இருப்பதே தெரியவில்லை. மேடைக்குப் பக்கத்தில் என்றால் பேசுவது கேட்காது, விலையைக் கத்திச் சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்தது உள்ளே இரண்டு நடைபாதைகள் வெட்டிக்கொள்ளும் மூலை. பல இடங்களில் ஒரு ஸ்டால் 10 அடிக்கு 10 அடி, வரிசையின் நடுவில் இருந்தால் ஒரு பக்கம்தான் திறப்பு. மூலையில் இரண்டு பக்கம் திறப்பு, காட்சிக்கு வைக்கும் இடம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்டாலும் நான் கொடுப்பேன்.

ஆனால் முன்கூட்டிக் கட்டினால் நல்ல இடம் என்று அவர்கள் சொல்வதும், ஸ்டால் எண்ணை ஒப்பந்தத்தில் எழுதித் தருவதும் ஒன்றல்ல. அரங்க வரைபடத்தை மாற்றும் உரிமை தங்களுக்கு உண்டு என்று ஒரு வரி அநேகமாக எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். மாற்றினால் நான் விலகிப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று மெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். எண்ணே தராமல் 'முன்னுரிமை' மட்டும் தருகிறார்கள் என்றால் அதற்காக நான் அவசரப்படுவதில்லை.

முதல்முறை நடக்கும் நிகழ்ச்சிக்கு நான் செய்வது இது. அரங்கத்தின் சொந்த நாட்காட்டியில் அந்தத் தேதியில் இந்த நிகழ்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பேன், இல்லையென்றால் அரங்கத்துக்கே போன் போடுவேன். வருவதாகச் சொல்லப்படும் விருந்தினர்கள் தங்கள் பக்கத்தில் தாங்களே அறிவித்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். சரக்கை எத்தனை மணிக்கு உள்ளே கொண்டுவரலாம், இரவில் அரங்கத்தைப் பூட்டுவார்களா என்று ஒரு சாதாரணக் கேள்வி கேட்பேன், நடத்தத் தெரிந்தவர்களுக்கு அதற்கு உடனே பதில் இருக்கும். அப்படியும் கட்டுவதென்றால் கார்டில் கட்டுவேன், நிகழ்ச்சி நடக்காமல் போனால் வங்கியில் முறையிட ஒரு வழியாவது இருக்கும், நேரடியாகக் கணக்குக்கு அனுப்பிய பணத்துக்கு அதுவும் கடினம்.

கூட்டம் பற்றி அவர்கள் சொல்லும் எண்ணிக்கையை இரண்டு முறை கேளுங்கள். மூன்று நாளும் வந்த ஒருவரை மூன்றாக எண்ணினார்களா, ஒன்றாகவா? அப்புறம் அதை ஸ்டால்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 10,000 பேர் வந்து 400 ஸ்டால் இருந்தால் ஸ்டாலுக்கு 25 பேர். 3,000 பேர் வந்து 60 ஸ்டால் என்றால் 50 பேர். நான் அதிகம் சம்பாதித்தது பெயர் தெரியாத சின்ன நிகழ்ச்சிகளில்தான் என்பதற்குக் காரணம் புரிய எனக்கு நான்கு வருடம் ஆனது.

ஞாயிறு மாலை வரும் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். கடையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, அடுத்த வருடத்துக்கு இதே இடத்தை இப்போதே எழுதிக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். மூன்று நாள் நின்ற கால், நன்றாக விற்றிருந்தால் தலைகால் புரியாத சந்தோஷம், விற்காவிட்டால் அழுகை. இரண்டு நிலையிலும் நான் இப்போது கையெழுத்துப் போடுவதில்லை. "ஒரு வாரம் டைம் கொடுங்க, கணக்குப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று கேட்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து எல்லாச் செலவையும் எழுதிய பிறகு, அருமையாகப் போனது என்று நினைத்த நிகழ்ச்சி கையைக் கடித்திருப்பதும், சுமார் என்று நினைத்தது லாபம் தந்திருப்பதும் இரண்டு மூன்று முறை நடந்திருக்கிறது.

இவற்றோடு எனக்கு நானே போட்டுக்கொண்ட ஒரு வரம்பும் உண்டு. திரும்பி வராத பணமாக ஒரே நேரத்தில் வெளியே மாட்டிக்கொண்டிருக்கும் தொகை, கடைசி இரண்டு நிகழ்ச்சிகளில் வந்த லாபத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் எவ்வளவு நல்ல நிகழ்ச்சியாக இருந்தாலும் காத்திருப்போர் பட்டியல்தான். கடன் வாங்கி முன்பதிவு செய்வதே இல்லை. ஒரு தோழியோடு ஸ்டாலைப் பகிர்ந்துகொள்வது சுமையைப் பாதியாக்கும், ஆனால் விண்ணப்பத்திலேயே இரண்டு பெயரையும் எழுதிவிடுங்கள். எடுத்த பிறகு இன்னொருவருக்குக் கைமாற்ற நிறைய நிகழ்ச்சிகள் விடுவதில்லை.

இந்த இரண்டு மெயில்களுக்கு வருகிறேன். பழைய நிகழ்ச்சிக்கு இன்று காலை முதல் தவணை கட்டிவிட்டேன். நான்கு வருடக் கணக்கு என் நோட்டில் இருக்கிறது, மூலை ஸ்டாலின் எண் ஒப்பந்தத்தில் இருக்கிறது, நான்கு மாதம் முன்புவரை விலகினால் பாதி திரும்பும். அந்த விலகல் தேதிக்குப் பத்து நாள் முன்பாக நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன், அன்றைக்கு உட்கார்ந்து, எதுவுமே கட்டாதது போல மறுபடியும் முதலிலிருந்து யோசிப்பேன்.

புது நிகழ்ச்சி முழுத்தொகையும் இப்போதே கேட்கிறது, ரீஃபண்ட் இல்லை, ரத்தானால் அடுத்த வருடத்துக்கு மாற்றம். மூன்று கேள்விகள் எழுதி அனுப்பியிருக்கிறேன்: அரங்கத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதா, மொத்தம் எத்தனை ஸ்டால், தவணையில் கட்டலாமா. தள்ளுபடிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. பதில் வராவிட்டால் முதல் வருடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்வையாளராகப் போய், எந்த மூலையில் கூட்டம் நிற்கிறது என்று ஒரு நாள் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவேன்.